நான்கு உள்ளங்கைகள்

போன மாதம் சிங்கப்பூர் தேக்காவில் பழைய வேலையிடத்துப் பிள்ளைகளோடு சாப்பிடப் போயிருந்தேன். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த சங்கீதா, தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, இப்ப எல்லாம் மிஷின்தான். பிள்ளை ஏறி நின்னா போதும். உயரம், எடை எல்லாம் தானா கம்ப்யூட்டருக்குப் போயிடும். நாங்க சும்மா பக்கத்துல நிக்கிறோம் லா."

"எவ்வளவு பக்கத்துல?" என்று கேட்டேன்.

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இதுக்குத்தான் உங்களை இன்னும் கோல்கீப்பர்னு சொல்றாங்க. சும்மா நிக்கிறதுல என்ன இருக்கு? அதை எழுதுங்களேன், நாங்களும் படிக்கிறோம்."

கிண்டலுக்குத்தான் சொன்னாள். வீட்டுக்கு வந்தும் அது மனதை விட்டுப் போகவில்லை. உயர்நிலை இரண்டோடு, பதினான்கு வயதில், பள்ளியை விட்டவள் நான். எழுதினால் தப்பாகிவிடுமோ, யாராவது சிரிப்பார்களோ என்று ஒரு வாரம் யோசித்தேன். பிறகு, எழுதாமல் விட்டால் மறந்துவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக வந்தது. எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒன்று தெரிந்தால் போதும். கதவைப் பூட்டிவிட்டு லிஃப்ட் வரை போய், திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள் நான். வெயில் அடித்தால் மழை வருமே என்று குடை எடுப்பேன். யாராவது சிரித்தபடி வந்தால், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று வயிற்றைப் பிசையும். மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தபோது, ஆலையை மலேசியாவின் ஜொகூருக்கு மாற்றப்போகிறார்கள் என்று எல்லோருக்கும் முன்னால் பயந்தவள் நான்தான். அது மட்டும் பலித்தது. அதற்குப் பிறகுதான் மருத்துவமனையில் உதவியாளர் வேலைக்கு வந்தேன். சில மாதம் பயிற்சி கொடுத்து, குழந்தைகளின் ஹார்மோன் கிளினிக்கில் போட்டார்கள். கடைசி வரை அங்கேயே இருந்துவிட்டேன்.

அங்கே வருகிற பிள்ளைகளில் பாதிப்பேருக்குச் சர்க்கரை நோய். பெரியவர்களுக்கு வருகிறதே, அது இல்லை. மிட்டாய் தின்றதால் வந்ததும் இல்லை. நோய்க்கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல், ஆள் தெரியாமல் தன் சொந்தக் கணையத்தையே அடித்துப் போட்டுவிடும். இன்சுலின் சுரப்பது நின்றுவிடும். அன்று முதல் வாழ்நாள் முழுக்க ஊசி. சில பிள்ளைகளுக்கு அந்தக் காவல் அதோடு நிற்காது. கழுத்திலுள்ள தைராய்டையும் அடிக்கும். அதனால்தான் சர்க்கரைப் பிள்ளைகளுக்கு அவ்வப்போது தைராய்டு ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. பிலோமினா சிஸ்டர் பெற்றோர்களுக்குச் சொல்லும்போது பக்கத்தில் நின்று கேட்டது.

பிலோமினா சிஸ்டர்தான் எங்கள் மூத்த தாதி. குள்ளம். நல்ல கறுப்பு. காதில் ஒரு சின்னக் கம்மல், அவ்வளவுதான் நகை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் காலைப் பூசைக்குப் போகாமல் அவரை யாரும் வேறெங்கும் கூட்டிப்போக முடியாது. அவர் கத்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்க, எதிரே கத்திக்கொண்டிருக்கிற பெற்றோர் தானாகவே வாயை மூட வேண்டியிருக்கும்.

உயரம் அளப்பது சின்ன வேலை என்று நினைத்துத்தான் போனேன். சிஸ்டர் என்னை நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தார். செருப்பு, காலுறை கழற்ற வேண்டும். குதிகால், பின்புறம், தோள் மூன்றும் பலகையில் ஒட்ட வேண்டும். கண் நேராகப் பார்க்க வேண்டும். பிள்ளை மூச்சை இழுத்துப் பிடிக்கும்போது மேல்பலகையை முடியை அழுத்துகிற மாதிரி இறக்க வேண்டும். நம் பெண் பிள்ளைகள் கொண்டையும் கிளிப்புமாக வருவார்கள். அம்மாக்கள் காலையில் பாடுபட்டுப் பின்னியதை அவிழ்க்க விடமாட்டார்கள். "அவிழ்க்கச் சொல்லு, மல்லிகா. இல்லன்னா கொண்டைதான் வளர்ந்திருக்கும், பிள்ளை வளர்ந்திருக்காது" என்பார் சிஸ்டர். எடைக்கு ஏறுமுன் சட்டைப் பையைக் காலி செய்ய வேண்டும். சர்க்கரைப் பிள்ளைகளின் பையில் எப்போதும் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கும்.

நான் ஒவ்வொரு பிள்ளையையும் நாலு தடவை அளந்தேன். வரிசை நீண்டது. சிஸ்டர் வந்து பக்கத்தில் நின்றார்.

"ரெண்டு தடவை அளந்தா அது வேலை. நாலு தடவை அளந்தா, தனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பிள்ளை நினைச்சுக்கும். உன் பயத்தை அதுக்குக் கொடுக்காதே."

"இல்ல சிஸ்டர், எடை மேடையில ஏறும்போது விழுந்துடுமோன்னு வேற பயமா இருக்கு."

"நீ எதுக்குத்தான் பயப்படல?" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "விழுந்துடும்னு தோணுதா? அப்ப அது விழுற இடத்துல போய் நில்லு. பயத்துக்கு அதுதான் வேலை" என்றார்.

அன்றிலிருந்து அப்படித்தான் நின்றேன். ஒரு முழங்கால் கொஞ்சம் மடக்கி, ஒரு கை பிள்ளையின் முதுகுக்குப் பின்னால், தொடாமல். அதனால்தான் கோல்கீப்பர். வருடக்கணக்கில் ஒரு பந்தும் வரவில்லை.

தர்ஷினியை எட்டு வயதிலிருந்து தெரியும். பாசிர் ரிஸ் வட்டாரத்தில், அரசாங்கத்தின் வீவக அடுக்குமாடி வீட்டுப் பிள்ளை. அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை. அம்மா வசந்தி ஒரு பாலர் பள்ளியில் சமையல். முதலில் சர்க்கரை. ஒரு வருடப் பரிசோதனையில் தைராய்டும் சேர்ந்து தெரிய வந்தது. அதற்கும் தினம் ஒரு மாத்திரை. இரண்டையும் வைத்துக்கொண்டு பள்ளி நெட்பால் அணியில் விளையாடினாள். வாய் கொஞ்சம் நீளம். "ஆன்ட்டி, நான் வளர்ந்திருக்கேனா, இல்ல உங்க பலகை சுருங்கிடுச்சா?" என்பாள்.

வசந்தி என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். வருடத்துக்குச் சில தடவை பார்க்கிறவர்கள், ஆனாலும் தங்கை மாதிரி ஆகிவிட்டாள்.

தர்ஷினி உயர்நிலை இரண்டில் இருந்தபோது, தைப்பூசத்துக்குச் சில வாரம் முன்னால், ஒரு காலையில் அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் இருவரும் வந்து நின்றார்கள். முறைப்படி அவர்கள் வர வேண்டியது தைப்பூசம் முடிந்து.

"சிஸ்டரைப் பாத்து ஒரே ஒரு கேள்வி கேட்கணும் அக்கா" என்றாள் வசந்தி. முகம் முழுக்கச் சிரிப்பு. என் வயிறு உடனே பிசைந்தது.

மகளை இருக்கையில் விட்டுவிட்டு என் காதோரம் வந்தாள். "யார்கிட்டயும் சொல்லாதீங்க. முருகன் கண்ணைத் திறந்துட்டார். கொஞ்ச மாசமா இன்சுலின் குறைஞ்சுக்கிட்டே வருது. முன்ன போட்டதுல பாதி கூட இல்ல. அதுக்கே சர்க்கரை இறங்கிடுது. இப்படியே போனா ஊசியே வேண்டாம் போல. அதான், இந்த வருஷம் அவ பால்குடம் எடுக்குறா. அன்னைக்கு முழு விரதம். ராத்திரி ஊசியை நிறுத்திக்கலாமான்னு கேட்க வந்தோம்."

சர்க்கரை தாழ்ந்தால் இன்சுலினைக் குறைக்கச் சொல்வதுதான் வழக்கம். தொலைபேசியில் அவர்களுக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். இதில் தப்பு எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. தப்பு இருக்கிறது என்றும் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, ஆனால் எனக்கு எல்லாவற்றுக்கும்தான் பயம். அதை யார் கணக்கில் எடுப்பார்கள்? நானே எடுக்கவில்லை. "சந்தோஷம் வசந்தி" என்று சொல்லிவிட்டு எடை பார்க்கக் கூட்டிப்போனேன்.

எடை போன தடவையைவிடக் குறைந்திருந்தது. மறுபடி ஏற்றினேன். அதேதான்.

"நெட்பால் டிரெய்னிங். கடற்கரையில ஓட வைக்கிறாங்க" என்றாள் வசந்தி. "அந்த வெயில்ல கறுத்ததைப் பாருங்க. நானும் ராத்திரி கடலைமாவு, தயிர்னு போட்டுத் தேய்க்கிறேன். வெளுக்கவே மாட்டேங்குது."

"அம்மா என்னை பஜ்ஜி போடப் பாக்குறாங்க ஆன்ட்டி" என்றாள் தர்ஷினி. வாய் மட்டும் பழைய வாய். சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

பிலோமினா சிஸ்டர் வந்தார். அவர் எந்தப் பிள்ளையையும் "எப்படி இருக்கே?" என்று கேட்கமாட்டார். கேட்டால் எல்லாப் பிள்ளையும் "ஓகே" என்றுதான் சொல்லும் என்பார். அவருடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"நேத்து என்ன சாப்பிட்டே?"

"ம்... காலையில வாந்தி வர்ற மாதிரி இருந்துச்சு, சாப்பிடல. ரீசஸ்ல ஒரு பாக்கெட் அசாம் போய்தான் தின்னேன்."

"அந்த உப்புப் பிளம் பழமா? சாப்பாட்டுக்குப் பதிலா அதுவா?"

"வீட்டுலயும் அப்படித்தான் சிஸ்டர்" என்று வசந்தி புகார் படித்தாள். "ஊறுகா பாட்டில் வாங்கி வச்சா காலி. ஊறுகா முடிஞ்சா அந்தத் தண்ணியைக் குடிக்குது. தோசை மேல உப்பைத் தூவிச் சாப்பிடுற பிள்ளையை எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கையைக் காட்டு" என்றார். தர்ஷினி புறங்கையைக் காட்டினாள். விரல் முட்டிகள் கரி பூசின மாதிரி இருந்தன.

"திருப்பு."

உள்ளங்கையை மேசைமேல் வைத்தாள். சிஸ்டர் தன் உள்ளங்கையை அதன் பக்கத்தில் வைத்தார். "வசந்தி, நீங்களும் வைங்க. மல்லிகா, நீயும்."

"என்ன சிஸ்டர், ஜோசியமா?" என்று வசந்தி சிரித்தாள். ஆனாலும் வைத்தாள்.

மேசைமேல் நான்கு உள்ளங்கைகள். எல்லாம் கறுத்த கைகள்தான். சிஸ்டருடையது எல்லோரையும்விடக் கறுப்பு. ஆனால் அவருடைய ரேகைகள் வெளிர் பழுப்பாக இருந்தன. வசந்தியுடையதும் அப்படியே. என்னுடையது கொஞ்சம் சிவப்பு. தர்ஷினியின் ரேகைகள் மட்டும் பேனாவால் இழுத்த மாதிரி கறுத்திருந்தன.

"இது எப்பலேர்ந்து?"

"வெயில்தான் சிஸ்டர்..." என்றாள் வசந்தி.

சிஸ்டரின் குரல் இறங்கியது. "உள்ளங்கையில வெயில் படாதும்மா. நீங்க அவ அம்மா. உங்க கை மாதிரிதான் அவ கை இருக்கணும்."

பிறகு தர்ஷினியின் வாயைத் திறக்கச் சொல்லி ஈறைப் பார்த்தார். அங்கேயும் கறுப்பு. எழுந்தார். "மல்லிகா, படுக்க வச்சு பிரஷர் பாரு. கொஞ்ச நேரம் அமைதியாப் படுக்கட்டும், அப்புறம் பாரு. பிறகு நிக்க வச்சுப் பாரு. நிக்கும்போது நீ எங்க நிக்கணும்னு உனக்குத் தெரியும். நான் டாக்டரைக் கூப்பிடுறேன்."

படுத்திருந்தபோது ரத்த அழுத்தம் குறைவாக, ஆனால் ஏதோ இருந்தது. கையில் கட்டிய பிரஷர் பட்டையை அவிழ்க்காமல் மெதுவாக உட்கார வைத்தேன். கால்களைத் தொங்க விட்டு நிற்கச் சொன்னேன். இடது கையால் பொத்தானை அழுத்திவிட்டு, முழங்காலை மடக்கி, அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு கையோடு, பக்கத்தில் நின்றேன். பட்டை இறுகத் தொடங்கியது.

"ஆன்ட்டி, லைட் ஆஃப் பண்ணிட்டீங்களா?" என்றாள்.

அடுத்த நொடி அவள் முழு எடையும் என் மேல் வந்தது. இருவரும் கட்டிலோரம் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டோம். அவள் தலை என் தோளில். எதிலும் இடிக்கவில்லை. வசந்தியின் அலறல் வெளியே வரைக்கும் கேட்டிருக்கும். நான் கத்தவில்லை. அது எனக்கே ஆச்சரியம். பயந்த காரியம் நடந்துவிட்டால் எனக்குப் பயம் நின்றுவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அவள் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு, "விழல, விழல, என் மேலதான் இருக்கே" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

டாக்டர் கோ வந்தார். மெலிந்த மனிதர், நிதானம். பார்த்த பிறகு சிஸ்டரோடு இரண்டு வார்த்தைதான் பேசினார். ரத்தம் எடுத்தார்கள். முடிவு முழுதாக வரும்வரை காத்திருக்கவில்லை. உப்புநீர் டிரிப்பும் ஸ்டீராய்டு ஊசியும் உடனே போட்டு வார்டுக்கு அனுப்பினார்கள். சந்தேகப்பட்டது சரிதான் என்று ரத்தம் பிறகு சொன்னது.

வசந்தியிடம் சொல்லும் வேலை சிஸ்டருக்கு. வார்டுக்கு வெளியே நீள நாற்காலியில் அவளை உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தார். என்னையும் இருக்கச் சொன்னார்.

"சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி ரெண்டு சின்னச் சுரப்பி இருக்கு. உடம்புக்குத் தெம்பு, உப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் அது பாத்துக்கும். சர்க்கரை ரொம்ப இறங்காம பிடிச்சு வைக்கிறதும் அதுதான். முதல்ல கணையம், அப்புறம் தைராய்டு. இப்ப அந்தக் காவல் இதையும் அடிச்சிடுச்சு. சுரப்பி வேலை செய்யலன்னதும் மூளை அதைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். அந்தக் கூப்பாட்டுலதான் தோல் கறுத்துச்சு. உடம்புல உப்பு நிக்கல, அதான் ஊறுகா."

"அப்ப இன்சுலின் குறைஞ்சது?"

சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நோய் குறையல வசந்தி. ஊசியைத் தாங்குற சக்தி குறைஞ்சுக்கிட்டிருந்துச்சு."

"சர்க்கரைக்கு ஒரு தடவை அழுதாச்சு. தைராய்டுக்கு ஒரு தடவை அழுதாச்சு. இதுக்கு எனக்கு அழுகையே வரல சிஸ்டர்" என்றாள். கொஞ்சம் கழித்து, "நான் தினம் நன்றி சொன்னேன். டோஸ் குறையக் குறைய விளக்கேத்தி நன்றி சொன்னேன். என் பிள்ளை போய்க்கிட்டிருந்ததுக்கா நன்றி சொன்னேன்?"

சிஸ்டர் ஜெபமாலைக்காரர். முருகனைப் பற்றி அவர் என்ன சொல்வாரோ என்று எனக்குக் கவலை.

"இன்னைக்கு எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டார் சிஸ்டர்.

"பால்குடம்... விரதத்துக்கு..."

"உங்க அப்பாயின்ட்மென்ட் எப்ப?"

"தைப்பூசம் முடிஞ்சு."

"அந்த நேர்த்திக்கடன் இல்லன்னா இன்னைக்கு வந்திருக்கவே மாட்டீங்க. விரதமும் இருந்து, வெயில்ல நடந்திருந்தா நான் இப்ப உங்ககிட்ட வேற மாதிரி பேசிக்கிட்டிருப்பேன். நன்றி சொன்னது வீண் போகல. எதுக்குன்னு மட்டும் மாத்திக்குங்க."

அப்போதுதான் வசந்திக்கு அழுகை வந்தது. எனக்கும். சிஸ்டர் எழுந்து போய், இருவருக்கும் இனிப்பு தூக்கலான டீ வாங்கி வந்தார்.

மறுநாள் வார்டுக்குப் போய்ப் பார்த்தேன். தர்ஷினி உட்கார்ந்து கஞ்சியைத் திட்டிக்கொண்டிருந்தாள். "ஆன்ட்டி, உங்க மேல விழுந்ததுக்கு சாரி. நல்ல மெத்தை லா நீங்க." எனக்கு அதற்குமேல் விருது எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அதன்பிறகு தினம் மூன்று வேளை ஸ்டீராய்டு மாத்திரை, ஒரு வேளை உப்பைப் பிடித்து வைக்க இன்னொன்று, தைராய்டு மாத்திரை, இன்சுலின். காய்ச்சல் வந்தால் ஸ்டீராய்டு அளவைக் கூட்ட வேண்டும். வாந்தி எடுத்து மாத்திரை நிற்கவில்லை என்றால் தொடையில் அவசர ஊசி போட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். சிஸ்டர் அதை வசந்தியின் வாயாலேயே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். மனப்பாடமாகச் சொல்லி முடித்தால் விடமாட்டார். நடுவில் நிறுத்தி, "ஞாயித்துக்கிழமை, நீங்க தேக்காவுல காய் வாங்குறீங்க, அவ போன் பண்ணி வாந்திங்கிறா. இப்ப?" என்பார். வசந்தி பதில் சொல்வாள். நானும் மனதுக்குள் கூடவே சொல்வேன்.

அந்தத் தைப்பூசத்தில் தர்ஷினி பால்குடம் எடுக்கவில்லை. சில வாரம் கழித்து வந்தபோது வசந்தி என்னிடம், "இன்சுலின் மறுபடி ஏறுது அக்கா" என்றாள். குரலில் உயிரே இல்லை. சிஸ்டர் காதில் விழுந்துவிட்டது. "ஏறட்டும். ஏறினாத்தான் உடம்பு தேறுதுன்னு அர்த்தம்" என்றார். வசந்தி தலையாட்டினாள், ஆனால் மனசு ஒப்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஊசி அளவு குறைவதற்காகப் பல வருடம் வேண்டிக்கொண்டவள். ஒரே நாளில் அதை எப்படித் திருப்பிப் போட்டுக்கொள்வாள்?

அடுத்த வருடத் தைப்பூசத்துக்கு டாக்டர் கோ அனுமதி கொடுத்தார். விரதம் கூடாது, சாப்பிட்டுவிட்டுத்தான் நடக்க வேண்டும், அன்றைக்கு மாத்திரையை எப்படிப் போட வேண்டும், அவசர ஊசி யார் பையில் இருக்க வேண்டும் என்று எல்லாம் சொல்லி அனுப்பினார். நான் விடுப்பு எடுத்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் வீட்டில் உட்கார்ந்தால் நான் விழுந்திருப்பேன். பையில் தண்ணீர், குளுக்கோஸ், குடை, விசிறி, கடைசி நிமிடத்தில் ஒரு பாக்கெட் அசாம் போய் என்று அள்ளிப் போட்டுக்கொண்டு ஊர்வலம் கிளம்புகிற சிராங்கூன் சாலைக் கோயில் வாசலில் போய் நின்றேன்.

மஞ்சள் உடையில் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தர்ஷினி வந்தாள். என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் உருட்டினாள். டேங்க் ரோடு முருகன் கோயில் வரை அவள் பின்னாலேயே நடந்தேன், ஒரு கை அவள் முதுகுக்குப் பின்னால், தொடாமல். மேளச் சத்தத்தில் வசந்தி என் காதில் ஏதோ கத்தினாள். எனக்குக் கேட்கவில்லை. மறுபடி கத்தினாள்.

"டோஸ் கூடிடுச்சு அக்கா! பழைய அளவுக்கே வந்துடுச்சு!"

பக்கத்தில் வந்த யாரோ, என்ன நல்ல செய்தி என்று திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் அப்படி இருந்தது. அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் வந்த அந்தக் காலையில் பார்த்த அதே சிரிப்பு. இந்தத் தடவை என் வயிறு சும்மா இருந்தது.

பாலைச் செலுத்திவிட்டு வெளியே வந்து தண்ணீர்ப் பந்தலில் நின்றோம். "கையைக் காட்டு" என்றேன். வெட்டவெளியில், கூட்டத்துக்கு நடுவில். தர்ஷினி, "ஐயோ ஆன்ட்டி" என்றபடி நீட்டினாள். ஈரம், கொஞ்சம் மஞ்சள். வசந்தி கேட்காமலே தன் கையைப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு கையும் ஒரே கை மாதிரி இருந்தன.

எனக்குப் போதவில்லை. பையிலிருந்து அசாம் போய் பாக்கெட்டை எடுத்து, "வெயில்ல வந்திருக்கே, உப்பு ஏதும் வேணுமா இருந்தா..." என்று நீட்டினேன். ஒன்றை வாயில் போட்டாள். முகம் அப்படியே சுருங்கியது. டிஷ்யூவில் துப்பிவிட்டு என்னை முறைத்தாள்.

"சீ! ஒரே உப்பு. எப்படி ஆன்ட்டி இதையெல்லாம் சாப்பிடுறீங்க?"

வசந்தி என்னைப் பார்த்தாள். நான் வசந்தியைப் பார்த்தேன். சிரிக்கத் தொடங்கியவர்களுக்கு நிறுத்த முடியவில்லை. மீதிப் பாக்கெட்டை நாங்கள் இருவருமே அந்தப் பந்தலில் நின்று தின்று தீர்த்தோம்.